பிறர் என்பவர் யார்?

மாணவர்களின் ஆய்வேடுகளைப் பின்னாலிருந்து படிக்கத் தொடங்குவது என் வழக்கம். முதலில் துணைநூற்பட்டியல்; பிறகு ஒவ்வோர் இயலின் இறுதியிலும் இருக்கும் சான்றெண் விளக்கம்; அதன் பின்னரே முன்னுரை. ஒரு மாணவர் எந்த நூலை உண்மையாகவே கையில் எடுத்துப் புரட்டினார், எதைக் கேள்வியளவில் மட்டும் அறிவார், எதைச் சென்ற ஆண்டு ஆய்வேட்டிலிருந்து அப்படியே பெயர்த்து வைத்தார் என்பதைக் கடைசிப் பத்துப் பக்கங்கள் சொல்லிவிடும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் வந்து படிக்கும் பிள்ளைகள் அவர்கள். பலருடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளே அவர்தாம். ஆகவே குற்றம் காணும் கண்ணோடு அப்பக்கங்களை நான் படிப்பதில்லை. ஆயினும் சில பிழைகள் ஆண்டுதோறும் அதே வடிவில் வருகின்றன. அவை ஏன் வருகின்றன என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

'மேலது' என்றொரு சொல் நம் ஆய்வுலகில் உண்டு. முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்பது அதன் பொருள். இடத்தை மிச்சப்படுத்தும் சொல்தான். ஆனால் தன் காலில் நிற்காத சொல். நெறியாளர் சொன்னாரென்று மாணவர் நடுவில் ஒரு பத்தியை நீக்குகிறார். அப்பத்தியோடு அதற்குரிய குறிப்பும் போய்விடுகிறது. அதற்குக் கீழே இருந்த 'மேலது' ஓசையின்றி நழுவி, வேறொரு நூலைப் பற்றிக்கொள்கிறது. தொல்காப்பியம் பற்றிய கூற்று ஒன்றின் சான்றைத் தேடிப் போனால், அது அண்மையில் வந்த நாவல் ஒன்றின் நாற்பத்தாறாம் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. தட்டச்சு செய்து தருபவர் இதைக் கவனிக்க வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது. மாணவரும் கவனிப்பதில்லை. சான்றெண் என்பது யாரோ ஒருவர் பின்தொடர்ந்து போகப்போகும் வழி என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அது ஆய்வேட்டுக்கு அணிவிக்கப்பட்ட ஒரு நகை, அவ்வளவுதான்.

இதைப் போன்றதே 'என்று மு.வ. கூறுகிறார்' என்னும் தொடர். எண்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதியவர் மு.வ. எந்த நூலில், எந்த இடத்தில் கூறினார்? 'குறுந்தொகை' என்று மட்டும் எழுதிப் பாட்டெண் தருவதும் போதாது. குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்தார், 1937இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார், பின்னர் வந்த பதிப்புகள் பல. ஒரு பாட்டின் ஒரு சொல் ஒரு பதிப்பில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருக்கும். அந்த ஒரு சொல்லின்மீதே மாணவர் தம் வாதத்தைக் கட்டியிருப்பார். எந்தப் பதிப்பு என்று தெரியாவிட்டால், அவரோடு உடன்படுவதற்கும் வழியில்லை, மாறுபடுவதற்கும் வழியில்லை.

இப்பிழைகளுக்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் நாம் அவர்களுக்குக் கற்பித்தது என்ன? உரைநூலில் உள்ள விடையை ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து தாளில் இறக்குபவருக்கே முழு மதிப்பெண் கொடுத்தோம். யாருடைய வாக்கியம் என்று எழுதச் சொல்லவில்லை. எழுதியிருந்தால், 'இது எதற்கு?' என்று அடித்திருப்போம். பிறர் வாக்கியத்தைத் தன் வாக்கியமாகத் தருவது திறமை என்று பன்னிரண்டு ஆண்டுகள் பாராட்டிவிட்டு, முதுகலைக்கு வந்தவுடன் அதற்குத் திருட்டு என்று பெயர் சூட்டுகிறோம். பிள்ளைகள் திகைத்து நிற்பதில் வியப்பில்லை. அவர்களுக்கு முதலில் தேவை தண்டனை அன்று, ஒரு காரணம். 'ஏன் சொல்ல வேண்டும்?' என்னும் கேள்விக்கு, விதி இருக்கிறது என்பதற்கு மேலான விடை ஒன்று தேவை.

அந்த விடையை நான் மதுரைக்காரர் ஒருவரிடமிருந்தே எடுத்துச் சொல்வதுண்டு. தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் கலித்தொகைக்கும் சீவக சிந்தாமணிக்கும் உரைகண்ட நச்சினார்க்கினியர், மதுரை ஆசிரியர் என்றே குறிக்கப்படுபவர். அவருடைய படிப்பின் பரப்பு நம்மை மலைக்க வைப்பது. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட்டு, அதற்கு ஆதாரமாகப் பழம்பாட்டின் அடி ஒன்றைத் தருவார். 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுவார். யார் அந்தப் பிறர், எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

ஐந்நூறு ஆண்டுகளுக்குமேல் கழிந்தன. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிந்தாமணியையும் அதன் உரையையும் ஏட்டுச்சுவடிகளில் வைத்துக்கொண்டு திண்டாடினார். உரையில் மேற்கோளாக வரும் அடிகள் அவர் படித்த எந்த நூலிலும் இல்லை. மகாவித்துவானிடம் பாடம் கேட்டவர், புராணங்களையும் பிரபந்தங்களையும் கரைத்துக் குடித்தவர், அந்தப் 'பிறர்' யாரென்று தெரியாமல் தவித்தார். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஏடுகள் கைக்கு வந்த பிறகே அவ்வடிகளில் பல அங்கிருந்து வந்தவை என்பதைக் கண்டுகொண்டார். உ.வே.சா. இதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாகவே சொல்லியிருக்கிறார். 1887இல் சிந்தாமணி அச்சேறியதற்குப் பின்னால் இந்தத் தேடலின் இரவுகளும் இருக்கின்றன.

நச்சினார்க்கினியரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் காலத்தில் அவருக்கு முன்னால் அமர்ந்து பாடம் கேட்டவருக்கு அந்த அடிகள் தெரிந்திருக்கும். அடியைச் சொன்னாலே நூல் நினைவுக்கு வந்துவிடும். நினைவு உயிரோடு இருக்கும் இடத்தில் பெயர் சொல்வது மிகை. நம் வீடுகளில் 'வள்ளுவர் சொன்னாரே' என்றால் அதிகாரமும் எண்ணும் யாரும் கேட்பதில்லை அல்லவா, அதுபோல. ஆனால் அந்த நினைவுச் சங்கிலி இடையில் அறுந்துவிட்டது. பாடம் சொல்பவரும் கேட்பவரும் மாறினார்கள். சங்க நூல்கள் பாடத்திலிருந்து விலகி மடங்களின் ஏட்டுக்கட்டுகளுக்குள் போய்விட்டன. எல்லோரும் அறிந்த 'பிறர்' ஒருவரும் அறியாத 'பிறர்' ஆனார்கள். சான்று காட்டுவது இன்று நம்மைச் சோதிப்பவருக்காக மட்டும் அன்று. நாம் அறிந்ததை அறியாத ஒருவர் நாளை வருவார், அவருக்காகவும் தான் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

மறுபக்கமும் நம் மரபிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரையெழுதிய அடியார்க்கு நல்லார், இசைக்கும் நாடகத்துக்கும் தாம் துணைகொண்ட நூல்களைப் பெயர்சொல்லிக் காட்டுகிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்று அவர் சொல்லிவைத்த பெயர்கள்தாம், நமக்கு அப்படியொரு இசை, நாடக நூல் வரிசை இருந்தது என்பதற்கே சாட்சி. 1970களில் பஞ்சமரபு ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது, அது இன்னதென்று அறிஞர்களுக்கு அடையாளம் தெரிந்தது. பெயர் முன்பே அங்கே காத்திருந்தது. புறத்திரட்டைத் தொகுத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் ஒவ்வொரு பாட்டும் எந்த நூலினது என்று குறித்துவைத்தார். முத்தொள்ளாயிரம் என்று இன்று நாம் படிப்பது பெரும்பாலும் அவர் எடுத்தெழுதிய பாட்டுகளைத்தான். நூல் அழிந்தது, சான்றுக்குறிப்பு தப்பியது. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகமே எழுத முடிந்தது என்றால், அது பெயர்சொல்லிப் போன உரையாசிரியர்களின் கொடை.

இந்த இடத்தில் இன்னொரு வகைப் பிழையையும் சொல்ல வேண்டும். இது நூற்பெயர் தராத பிழை அன்று. பார்க்காததைப் பார்த்ததாகத் தருவது. மேலூருக்கு அருகிலுள்ள மாங்குளம் மலையில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. எங்கள் மாணவர்கள் பலர் அதன் அடிவாரத்து ஊர்களிலிருந்தே வருகிறார்கள். 'மாங்குளம் கல்வெட்டு நெடுஞ்செழியனைக் குறிப்பிடுகிறது' என்று எழுதி, சான்றாக 'மாங்குளம் கல்வெட்டு' என்றே போடுவார்கள். கல்வெட்டு தானாகப் பேசுவதில்லை. 1882இல் இராபர்ட் சீவெல் அதைக் கண்டார். அதன் மொழி இன்னதென்று நெடுங்காலம் புலப்படவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இக்குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று எடுத்துக்காட்டினார். 1960களின் நடுவில் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தறிந்தார். மாணவர் படித்ததோ இவர்களில் ஒருவரையும் அன்று. மதுரையைப் பற்றிய கையடக்க நூல் ஒன்றை. அதைப் படித்தது இழிவன்று. அதைப் படித்தேன் என்று எழுதுவதே நேர்மை. 'மகாதேவன் கருத்தை இன்ன நூல் இவ்வாறு எடுத்துரைக்கிறது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரியில், எண்பது ஆண்டுக்காலம் மலையேறி இறங்கியவர்களின் உழைப்பு மறையாமல் நிற்கிறது. கையடக்க நூலில் பிழை இருந்தால் அது யாருடையது என்றும் தெரிகிறது.

இன்று இவற்றைக் கண்காணிக்க விதிகளும் மென்பொருள்களும் வந்துவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைப்படி, ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை, அறுபது வரை, அறுபதுக்கு மேல் என்று படிப்படியாகக் கடுமை கூடும். கடைசிப் படியில் மாணவரின் பதிவே நீக்கப்படும். உரிய சான்றோடு தரப்பட்ட மேற்கோள்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் அவ்விதியே சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் விழுக்காடு என்ற ஒன்று வந்ததும் மாணவர் கவனம் அதன்மேலேயே நிலைத்துவிட்டது. சான்று தருவதற்குப் பதிலாகச் சொற்களை மாற்றுகிறார்கள். 'கூறுகிறார்' என்பது 'மொழிகிறார்' ஆகிறது. கருத்து மட்டும் பழையவருடையதாகவே, பெயரின்றிக் கிடக்கிறது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கமோ, கணினியின் பார்வையில் பொருளற்ற உரோமன் எழுத்துகளின் வரிசை; அங்கே எதையும் எதனோடும் ஒப்பிட முடியாது. இயந்திரம் ஒப்புமையை அளக்கும். நன்றியை அளக்க அதற்குக் கருவியில்லை.

கடந்த சில ஆண்டுகளில் இதைவிட விந்தையான ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதிய ஓர் இயலை மாணவர் ஒருவர் கொண்டுவந்தார். சான்றெண்கள் பிசிறில்லாமல் இருந்தன. நன்கறியப்பட்ட அறிஞர் பெயர், அவர் எழுதியிருக்கக்கூடிய தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண். நூலைப் பார்த்துவிட்டு வரும்படி சொன்னேன். மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இரண்டு நாள் தேடிவிட்டு, மூன்றாம் நாள் வந்து, 'அப்படி ஒரு புத்தகமே இல்லை ஐயா' என்றார். அவர் குரலில் ஏமாற்றத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. நச்சினார்க்கினியரின் 'பிறர்' பெயரில்லாதவர், ஆனால் இருந்தவர். ஆகவே உ.வே.சா. தேடினார், கண்டடைந்தார். இந்தப் புதிய 'பிறர்' பெயரும் முகவரியும் உடையவர், ஆனால் இல்லாதவர். இவரைத் தேடி எத்தனை ஊர் அலைந்தாலும் கிடைக்கமாட்டார். முன்பெல்லாம் சான்று இல்லாத இடத்தைத்தான் ஐயுற்றோம். இனி அழகான சான்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் நூல்களைப் பற்றியது. நூலாக ஆகாதவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வியை என்னிடம் எழுப்பியவர் உசிலம்பட்டிப் பக்கத்து மாணவி ஒருவர். 2015இல் எம்.ஃபில். பட்டத்துக்காகத் தம் ஊர் ஒப்பாரிப் பாடல்களை ஆய்வுக்கு எடுத்திருந்தார். (அப்பட்டமே 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது.) முதல் வரைவில் முப்பத்தொரு பாடல்கள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் 'நாட்டார் வழக்கு' என்று எழுதியிருந்தார். இதை யாரிடம் கேட்டீர்கள் என்றேன். பாதிக்குமேல் அவருடைய அப்பத்தா பாடியவை. பிறகு ஏன் அவர் பெயர் இல்லை?

"அப்பத்தா பேரை எப்படிங்க ஐயா சான்றெண்ல போடுறது? அது என்ன புஸ்தகமா எழுதுச்சு?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்விக்குள் எத்தனையோ இருந்தது. அச்சில் ஏறியவருக்கே பெயர். பாடியவருக்கு இல்லை என்பதை அவர் எங்கோ கற்றுக்கொண்டிருந்தார். அக்கல்வி எங்கிருந்து வந்தது என்பதும் பிறகு தெரிந்தது. அவ்வட்டாரப் பாடல்களைத் தொகுத்து முன்பே வெளிவந்த புத்தகம் ஒன்றை அவர் மாதிரியாக வைத்திருந்தார். அதில் தொகுத்தவர் பெயர் அட்டையில் பெரிதாக இருந்தது. பாடிய பெண்களில் ஒருவர் பெயர்கூட உள்ளே எங்கும் இல்லை. அப்பத்தாவுக்கு அப்புத்தகத்திலிருந்து சில பாட்டுகளைப் படித்துக் காட்டியபோது, ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, 'இது எங்க சின்னாத்தா கட்டுனதுல்ல' என்றாராம். அடையாளம் கண்டது ஒரு கிழவியின் காது. அந்தக் காதும் போய்விட்டால் அது வெறும் 'வழக்கு' ஆகிவிடும்.

நாட்டார் வழக்காற்றியலில் தகவலாளர் பட்டியல் என்னும் நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறது. பெயர், வயது, ஊர், பாடிய நாள் ஆகியவற்றைப் பின்னிணைப்பில் தருவார்கள். அதைச் செய்யும்படி சொன்னேன். கூடவே, ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுச் செய்யும்படியும் சொன்னேன். மாணவி மீண்டும் ஊருக்குப் போனார். ஏழு பெண்களில் ஆறு பேர் இசைந்தார்கள். ஒருவர் மறுத்தார். ஒப்பாரிக்குக் கீழே தன் பெயரை எழுதுவது நல்லதில்லை, தாலிக்கு ஆகாது என்றார். அவரைப் 'பெயர் சொல்ல விரும்பாதவர், வயது 52' என்று பதிவு செய்தோம். இதுவும் சான்றுதான். இன்னார் என்று சொல்லாவிட்டாலும், இங்கே ஒருவர் இருந்தார், அவருக்கென்று ஒரு விருப்பம் இருந்தது என்று சொல்கிறது. சின்னாத்தா கட்டியதாக அப்பத்தா சொன்ன பாட்டுக்கு, 'அப்புத்தகத்தில் ஆசிரியர் பெயரின்றி உள்ளது. கட்டியவர் இன்னார் எனத் தகவலாளர் கூறுகிறார்' என்று மாணவியே குறிப்பு எழுதினார். அந்த ஆய்வேட்டில் நான் ஒரு சொல்லும் திருத்தாத குறிப்பு அது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பட்டியலைப் புரட்டிவிட்டு, தகவலாளர்களில் ஒருவர் ஆய்வாளரின் சொந்தப் பாட்டியாக இருப்பது ஆய்வின் நடுநிலைக்குப் பொருந்துமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. "அது என் அப்பத்தாங்கிறதையும் அந்தப் பட்டியல்லயே எழுதியிருக்கேன் ஐயா" என்றார் மாணவி. தேர்வாளர் அந்த வரியைத் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அந்த ஆய்வேடு எங்கள் துறை நூலகத்தில் இருக்கிறது. 2019இல் கொங்குப் பகுதியிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். இரு வட்டாரத்து ஒப்பாரிகளையும் ஒப்பிடுகிறவர். வரிகள் போதாது, இசை எப்படிப் போகிறது என்று கேட்க வேண்டும் என்றார். பின்னிணைப்பில் இருந்த பெயர்களையும் ஊர்களையும் குறித்துக்கொண்டு உசிலம்பட்டிப் பேருந்தில் ஏறினார். அப்பத்தா அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டிருந்தார். பட்டியலில் நான்காவதாக இருந்தவர் வீட்டிலிருந்தார். அவர் பாடினார். அப்பத்தா பாடிய பாட்டுகளையும், இது அவருடையது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே பாடினாராம்.